தூக்கிய சுமையின் அருகே நிற்காதீர்

கிறிஸ்டினாவின் ரவிக்கைகள் கொடியில் காயும்போது பார்த்தால் ஒன்று தெரியும். எல்லாவற்றிலும் இடது தோள் மட்டும் வெளுத்திருக்கும். வெயிலில் வெளுத்ததில்லை. அவளுடைய தம்பி பென்னியின் வாயிலிருந்து வடியும் எச்சில் ஊறி ஊறி, அதைத் துவைத்துத் துவைத்து வெளுத்தது.

பக்கத்து வீட்டுச் செண்பகம் அதைப் பார்த்துக் கேலி செய்வாள்.

"இன்னாக்கா, டெய்லரு ரெண்டு கலர்ல தச்சிக் குட்த்தானா?"

"ஆமாம்மே. புது மாடலு. உனக்கும் ஒண்ணு சொல்லட்டா?"

"எனக்கு வேணாம்பா. நான் சாதாரண மனுசி."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்புறம் கிறிஸ்டினா உள்ளே போவாள், பென்னியைத் தூக்குவதற்கு.

பென்னிக்கு நாற்பது வயது நெருங்குகிறது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்று சொன்னார்கள். கையும் காலும் முறுக்கேறிய கயிறு போல இறுகிக் கிடக்கும். பேச்சு வராது. தானாகத் திரும்பிப் படுக்கவும் முடியாது. ஆனால் கண்ணும் காதும் கூர்மை. யார் வருகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொள்வான். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசம் வந்தால் போதும், கட்டிலே ஆடுகிற மாதிரி சிரிப்பான். அவனுக்கு இந்த உலகத்தில் இருந்த பெரிய சந்தோஷம் சோறுதான். நிமிர்த்தி உட்கார வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, மசித்த சோற்றை நாக்கின் நடுவில் வைத்தால் மெதுவாக விழுங்குவான். ஒரு வேளை சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

அவனைத் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. கட்டில் ஓரத்தில் குந்தி, அவன் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு அடியில் ஒரு கை, முதுகுக்கு ஒரு கை கொடுத்து, நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, "ஏசப்பா" என்று சொல்லி எழுந்திருக்க வேண்டும். அவன் தாடை அவளுடைய இடது தோளில் வந்து உட்காரும். அது உட்கார்ந்ததும்தான் விறைப்பு கொஞ்சம் விடும். கட்டிலிலிருந்து பின்பக்கக் குளியலறைக்கு, அங்கிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து திரும்பக் கட்டிலுக்கு. சாயங்காலம் மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணுங்களா. வெறும் கனம் என்றால் தூக்கிவிடலாம். பயந்து விறைக்கிற கனம் வேறு.

முன்பு அவனைத் தூக்கியது அப்பாவின் தோள். ஊரார் நிலத்தில் நெற்கட்டு சுமந்த தோள் அது. அந்த நிலத்தில் இப்போது ஒரு கம்பெனியின் குடோன் நிற்கிறது. அப்பா போனதும் அம்மாவின் தோள். அம்மாவும் போனபோது, கிறிஸ்டினா தன் புருஷன் ஜெயராஜையும் மகள் ஸ்நேகாவையும் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் இருந்த தாய் வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். சிப்காட்டில் பார்த்த வேலையை விட்டாள். ரப்பர் கம்பெனி ஒன்றிலிருந்து மூட்டையாக வரும் வாஷர்களின் பிசிறைக் கத்தரித்துக் கொடுக்கும் வேலையை வீட்டிலேயே எடுத்துக்கொண்டாள். பென்னி தூங்கும்போது கத்தரிப்பாள். விழித்தால் கத்தரியை வைத்துவிடுவாள். அவள் விரல்களில் ரப்பர் வாசமும் கருவாட்டு வாசமும் மாறி மாறி இருக்கும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். அவள் உடம்புதான் நின்றுவிட்டது.

அடிவயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஓர் இழுப்பு. ரொம்ப காலமாக இருந்ததுதான். பொம்பளைங்களுக்கு எல்லாம் இருப்பதுதான் என்று அவள் அதை ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரு நாள் பென்னியைத் தூக்கி எழும்போது கண் இருட்டி, அவனோடு சேர்ந்து கட்டிலிலேயே விழுந்தாள். செண்பகம்தான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினாள்.

டாக்டரம்மா நிதானமான மனுஷி. பரிசோதித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கர்ப்பப்பை ரொம்ப இறங்கிடுச்சும்மா. எடுத்துடணும். இனிமே தள்ளிப்போட முடியாது. வீட்ல என்ன கனம் தூக்குறீங்க?"

"தம்பிய தூக்குறேம்மா."

"எத்தன வயசுப் புள்ள?"

"நாப்பது ஆவப் போவுது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. 

"ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு மாசம் ஒரு குடம் தண்ணிகூட தூக்கக் கூடாது. அதுக்கப்புறமும் அவரத் தூக்குனீங்கன்னா நாங்க செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும். வேற ஏற்பாடு பண்ணிட்டு வாங்கம்மா."

திரும்பி வரும்போது செண்பகம் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். கிறிஸ்டினாவின் காதில் எதுவும் விழவில்லை. மூணு மாசம் என்கிற சொல்லே ஓடிக்கொண்டிருந்தது. மூணு மாசம் மல்லாந்து படுத்துத் தூங்கலாம். முதலில் மனசில் வந்தது அதுதான். பென்னி எப்படிச் சாப்பிடுவான் என்பது அப்புறம்தான் வந்தது. எது முதலில் வந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வேறு ஏற்பாடு என்றால் என்ன இருக்கிறது? ஜெயராஜ் காட்டுப்பள்ளி துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு யார்டில் வேலை செய்கிறார். விடியும்போதே கம்பெனி பஸ் வந்துவிடும். இருட்டின பிறகு வருவார். அவருக்கே ஒரு தோள்பட்டை சரியில்லை. ஸ்நேகா சிப்காட்டில் செல்போன் சார்ஜர் பூட்டும் கம்பெனியில் இருக்கிறாள். இரவு ஷிப்டு வாங்கிக்கொண்டு பகலில் வீட்டில் இருக்கிறேன் என்று அவளாகவே சொன்னாள். ஆனால் காற்றடித்தால் பறக்கிற உடம்பு அது. ஒரு தடவை மாமனைத் தூக்கிப் பார்த்தாள். கட்டிலை விட்டு அவனை அசைக்கக்கூட முடியவில்லை.

அதனால் பக்கத்தில் இருக்கிற ஆரணியில் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு ஹோமுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்ப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. தரை பளிச்சென்று இருந்தது. வேப்பமரத்தடியில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. பெரிய சிஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பாடு எப்படிம்மா?"

"மசிச்சுக் குடுக்கணும் சிஸ்டர். ஒரு மணி நேரம் ஆவும்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேம்மா. எங்களுக்கு ஆள் கம்மி. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மூக்கு வழியா ட்யூப் போட்டுடுவோம். பட்டினி இருக்காது, உடம்பும் நல்லா இருக்கும். ஆனா மூணு மாசம் ட்யூப்ல பழகிட்டா, மறுபடி வாயால விழுங்குறது கஷ்டம். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது? திங்கட்கிழமை காலையில் ஹோமின் வேன் வரும் என்று முடிவானது. அன்றைக்கே கிறிஸ்டினா சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸுக்காக நிற்கும்போது ஜெயராஜ் கேட்டார்.

"இன்னா சொல்ற கிறிஸ்டி?"

"நான் இன்னா சொல்றது? எனக்கு முடியல."



ஜெயராஜைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் யார்டில் செய்வது சுமை கட்டுகிற வேலை. இரும்புத் தூணோ மோட்டாரோ, அதைச் சுற்றி அகலமான பெல்ட்டைப் போட்டு, கிரேன் கொக்கியில் மாட்டி, கையால் சைகை காட்டி ஏற்றி இறக்குவது. மேலே தூக்கு என்பதற்குத் துறைமுகத்து ஆட்கள் 'ஹபீஸ்' என்பார்கள். கீழே இறக்கு என்பதற்கு 'ஆரியா'. வீட்டிலும் அந்தப் பேச்சு வந்துவிடும். தட்டில் சோறு போதும் என்றால்கூடக் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லுவார்.

ஹோமுக்குப் போய்வந்த மறுநாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று தட்டைத் தள்ளினார்.

"அம்மாம் பெரிய பொட்டிய ஒரு வெரல காட்டித் தூக்குறேன். நம்ம மச்சானத் தூக்க வழியில்லன்னா நான் இன்னா வேல செஞ்சி இன்னா?"

"நைனா, மாமா இன்னா கண்டெய்னரா?" என்றாள் ஸ்நேகா.

"கண்டெய்னரு கம்முனு வரும். உங்க மாமன் கத்துவான். அவ்ளோதான் வித்தியாசம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவர். மேஸ்திரியிடம் கேட்டுப் பழைய செயின் பிளாக் ஒன்றை வாங்கிவந்தார். சங்கிலியை இழுத்தால் ஒரு சின்னப்பிள்ளைகூடப் பெரிய கனத்தைத் தூக்கிவிடும், அந்த மாதிரி கப்பி. கூட வேலை செய்கிற வெல்டர் ஒருவர் தடித்த பைப்புகளைப் பற்றவைத்து, கட்டிலுக்கு மேலே நிற்கிற மாதிரி ஒரு சட்டம் செய்து கொடுத்தார், கீழே உருளைகளோடு. பெல்ட்டுகளின் மேல் ஜெயராஜே பழைய போர்வையை வைத்துத் தைத்தார். முதுகுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று. அதில் மணல் மூட்டையை ஏற்றி, தானும் தொங்கிப் பார்த்து, தாங்கும் என்று உறுதி செய்துகொண்டார்.

"இத வெச்சிக்கினா ஸ்நேகா ஒரு கையால மாமன தூக்கிடுவா," என்றார். "ஹோமும் வேணாம், ட்யூபும் வேணாம்."

கிறிஸ்டினா பெல்ட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். ஆசைப்படுவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

முதல் தடவை பென்னியை அதில் உட்கார வைத்தபோது அவன் சிரித்தான். புதுப் போர்வை, எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள், ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பான். ஜெயராஜ் கொக்கியை மாட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு யார்டில் நிற்பது போலவே கையை விரித்தார்.

"தள்ளு, தள்ளு! எல்லாம் தள்ளு! லோடு மேல போனா பக்கத்துல ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது!"

"இது ஊடுய்யா," என்றாள் கிறிஸ்டினா.

"ஊடா இருந்தா இன்னா, யார்டா இருந்தா இன்னா? பெல்ட்டுக்குத் தெரியுமா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 'தூக்கிய சுமையின் அருகே நிற்காதீர்' என்று எழுதின பலகையைத் தினமும் பார்க்கிறவர். பல வருஷத்துக்கு முன்னால் பெல்ட் நழுவி, கூட நின்றவனுடைய கால் நசுங்கியதைக் கண்ணால் பார்த்தவர். எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவரும் கை நீட்டும் தூரத்துக்கு விலகி நின்று சங்கிலியை இழுத்தார்.

"ஹபீஸ்... ஹபீஸ்..."

பென்னியின் முதுகு கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பியது. அவ்வளவுதான். அவன் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. உடம்பு வில்லாக வளைந்தது, கண் மேலே செருகியது, வேட்டியெல்லாம் நனைந்துபோனது. இறக்கிப் படுக்கவைத்த பிறகும் வெகுநேரம் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தான்.

சங்கிலிச் சத்தம்தான் அவனைப் பயமுறுத்துகிறது என்றாள் செண்பகம். சின்னச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடுகிற உடம்பு அல்லவா? ஜெயராஜ் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். மறுநாளும் கத்தினான். பெல்ட் அறுக்கிறது என்றாள் ஸ்நேகா. இன்னொரு போர்வை வைத்துத் தைத்தார்கள். அப்போதும் கத்தினான். செல்போனில் அவனுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுத் தூக்கினார்கள். பாட்டை மீறிக் கத்தினான். அந்தப் பாட்டைக் கேட்டாலே அழ ஆரம்பித்துவிட்டான். அதுதான் மிச்சம்.

ஒவ்வொரு தடவையும் ஜெயராஜ் எல்லோரையும் தள்ளி நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு கிறிஸ்டினா இரண்டு பைகளைக் கட்டினாள். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, அவளுக்கு. இன்னொன்று ஹோமுக்கு, பென்னிக்கு. அவன் பையில் வேட்டி, துண்டு, அவனுக்கென்று இருந்த குழியான ஸ்பூன். ஸ்பூனை உள்ளே வைத்தாள். ட்யூப் வழியாகச் சாப்பிடப் போகிறவனுக்கு ஸ்பூன் எதற்கு என்று தோன்றியது. வெளியே எடுத்தாள். பிறகு மறுபடியும் உள்ளே வைத்துப் பையின் வாயைக் கட்டினாள்.

"கடைசியா ஒரு வாட்டி பாத்துடலாம்," என்றார் ஜெயராஜ். "நாளைக்கு வேன் வந்துடும்."

"வேணாம்."

"ஒரே வாட்டிம்மே."

பார்த்தார்கள். கத்தினான். ஜெயராஜ் சட்டென்று இறக்கினார். கிறிஸ்டினா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நெஞ்சை நீவினாள். அவன் விக்கிக்கொண்டே அவளைப் பார்த்தான். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற கண். இன்னாக்கா, என்னை இன்னா பண்றீங்க என்று கேட்கிற கண். செண்பகம் வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்தாள். ஸ்நேகா தலை குனிந்து பெல்ட்டைக் கழற்றினாள்.

"என்னைத் தூக்கு," என்றாள் கிறிஸ்டினா.

ஜெயராஜுக்குப் புரியவில்லை. "உன்னியா?"

"நான் ஒக்காந்து மேல போறத அவன் பாக்கட்டும். அக்காவே போறான்னா பயம் தெளியும்ல?"

"ஏய், உன் ஒடம்பு இருக்கற நெலமைல..."

"நானா தூக்கப் போறேன்? நீதான தூக்குற."

பென்னியை நாற்காலியில் சாய்த்து, ஸ்நேகாவும் செண்பகமும் பிடித்துக்கொண்டார்கள். அவனை அங்கே மாற்றவே ஜெயராஜும் கைகொடுக்க வேண்டியிருந்தது. கிறிஸ்டினா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறி, பெல்ட்டுகளின் மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா ஊஞ்சல் ஆடப் போவுது, பாரு பென்னி," என்றாள் செண்பகம்.

ஜெயராஜ் கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்து, பழக்கதோஷத்தில், "தள்ளு, தள்ளு," என்றார். சொல்லிவிட்டுத் தானும் விலகி நின்றார்.

"ஹபீஸ்."

கண்ணுங்களா, கட்டிலை விட்டு முதுகு எழும்பின அந்தக் கணத்தில் கிறிஸ்டினாவுக்குப் பிடிமானமே போய்விட்டது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பெல்ட் பிடித்திருக்கிறது என்று அறிவுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. மெல்லச் சுழல வேறு ஆரம்பித்தது. சுவர் வந்தது, ஜன்னல் வந்தது, தம்பியின் முகம் வந்து போனது. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். கை காற்றில்தான் இருந்தது. எல்லோரும் சுவரோரம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், என்னப் புடி!"

"ஒண்ணும் ஆவாது, பெல்ட்டு தாங்கும்..."

"பெல்ட்டு கெடக்குது! நீ கிட்ட வா!"

"லோடு மேல இருக்கறப்போ கிட்ட வரக் கூடாதும்மே..."

"நான் லோடாய்யா?"

 ஜெயராஜ் சங்கிலியை நழுவாமல் சுற்றி மாட்டிவிட்டு வந்து, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

சுழல்வது நின்றது. பயமும் நின்றது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் உடனே சொல்லவில்லை. ஏனென்றால் அந்தக் கை பட்டதும் அவள் உடம்பு தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டது. அடிவயிற்றில் தொங்கின கல்லைக் காணோம். இடுப்பில் வலி இல்லை. பாதங்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. யாராவது தன்னைக் கடைசியாகத் தூக்கியது எப்போது என்று அவளுக்கு ஞாபகமில்லை. பென்னி பிறந்த பிறகு அந்த வீட்டில் வேறு யாரையும் யாரும் தூக்கியதில்லை.

"ஆரியா சொல்லட்டா?" என்று கேட்டார் ஜெயராஜ்.

"இரு."

கண்ணை மூடிக்கொண்டாள்.

"கிறிஸ்டி?"

"இருய்யா. இன்னும் கொஞ்ச நேரம்."

 தூரத்தில் ஒரு கூட்ஸ் ரயில் போய்க்கொண்டிருந்தது. அது முழுவதும் போய் முடிகிற வரைக்கும் அவள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தாள். ஜெயராஜ் கையை எடுக்கவில்லை. பென்னிக்கு என்ன தோன்றியதோ, கட்டிலுக்கு மேலே அக்கா மிதப்பதைப் பார்த்து, கருவாட்டுக் குழம்புக்குச் சிரிக்கிற மாதிரி சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவள் கண்ணைத் திறந்தாள்.

"எறக்கு," என்றாள்.

கீழே இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அவனுக்கு மேல போறது பயமில்ல. சத்தமும் பயமில்ல. பொறந்ததுலருந்து அவன ஆரும் தனியா வுட்டதே இல்ல. தூக்குனா ஒரு ஒடம்போட ஒட்டிக்கினுதான் போவான். நாம அவன மேல ஏத்திட்டு எல்லாரும் தூர நின்னுக்குனா எப்புடி? செயினு கனத்தத் தூக்கட்டும். தோள நாம குடுக்கணும்."

ஜெயராஜ் கீழே உட்கார்ந்துவிட்டார். தலையைச் சொறிந்தார்.

"லோடு கிட்ட ஆள நிக்க வெக்கிறதா..."

"அவன் லோடு இல்ல, நைனா," என்றாள் ஸ்நேகா மெதுவாக.

அவர் எழுந்து, இன்னும் இரண்டு பெல்ட்டுகளை எடுத்துவந்தார். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்குகிற மாதிரி எல்லாவற்றையும் இரட்டையாகக் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். மூன்று பேருமாகப் பென்னியைத் திரும்பக் கட்டிலில் பெல்ட்டுகளின் மேல் படுக்க வைத்தார்கள். ஜெயராஜ் கட்டிலைத் தாண்டி ஓர் அடிகூட விலகாமல் நின்றார்.

"வா ஸ்நேகா. உங்கம்மா எப்புடி நிப்பா? அப்புடி நில்லு."

ஸ்நேகா குந்தி, மாமனின் கைகளைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவன் தாடையை இடது தோளில் வாங்கிக்கொண்டாள். "ஏசப்பா," என்றாள். ஜெயராஜ் சங்கிலியை இழுத்தார். அவன் எழும்ப எழும்ப அவளும் கூடவே எழுந்தாள். பென்னி விறைத்தான். கத்தவும் செய்தான், ஆனால் பாதியில் சத்தம் நின்றது. தோளில் தாடையை வைத்து அழுத்தினான், மூக்கால் மோந்து பார்த்தான். ஒரு பெருமூச்சு வந்தது. சட்டம் உருண்டு, நாற்காலிக்கு மேலே வந்து நின்றது.

"ஆரியா," என்றார் ஜெயராஜ். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக விட்டார்.

பென்னி நாற்காலியில் இறங்கினான். சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் இறங்கிவிட்டான்.

"ஐயோ மாமா, இன்னிக்குத்தான் புதுசா போட்டேன்!" ஸ்நேகா தோளைப் பார்த்தாள். எச்சில் திட்டாக ஊறியிருந்தது.

"போச்சி," என்றாள் செண்பகம். "உனுக்கும் ரெண்டு கலரு."

எல்லோரும் சிரித்தார்கள், கிறிஸ்டினாவைத் தவிர. அவள் மகளுடைய இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, அம்மா, நான், இப்போது இவளா? செண்பகம் அதைக் கவனித்துவிட்டாள். பல வருஷப் பழக்கம், சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

"இன்னாக்கா மூஞ்சி அப்புடிப் போவுது? கனத்ததான் செயினு வாங்கிக்கிச்சே. வெறும் தோளுதான வேணும்? என்னோட தோளு இன்னா வாடகைக்கா வுட்டுக்கீறேன்?"

"உனக்கு நாத்தம் ஆவாதுன்னுவியே."

"நாத்தமும் ஆவாது, நீ இல்லன்னாலும் ஆவாது. எதுக்குன்னு பாக்குறது?"

சாயங்காலம் கட்டிலுக்குத் திரும்பும்போது செண்பகத்தின் தோள், ஸ்நேகாவின் கையில் சங்கிலி. அவன் கொஞ்சம் அதிகமாகவே கத்தினான். அவளும் கூடச் சேர்ந்து கத்தினாள். ஆனால் போய்ச் சேர்ந்தார்கள்.

கிறிஸ்டினா பென்னியின் பையைப் பிரித்து ஸ்பூனை எடுத்துக் கழுவிவைத்தாள். சிஸ்டருக்குப் போன் செய்து, வேன் வேண்டாம் என்றாள். "நல்லதும்மா," என்றார் சிஸ்டர். "முடியலன்னா கூச்சப்படாம கூப்பிடு. இடம் இருக்கும்." அந்த நம்பரை அவள் அழிக்கவில்லை. முடியாத நாளும் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் ஜெயராஜ் லீவு போட்டுவிட்டு அவளோடு சென்னை ரயிலில் ஏறினார். ஜன்னலோரம் அவள், அவள் வலப்பக்கம் அவர். மடியில் ஒரே ஒரு பை. ரயில் கிளம்பியதும் அவள் கை தானாக இடது தோளுக்குப் போனது. துணி காய்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து காய்ந்தே இருந்தது. உலர்ந்த துணி தோளில் படுவது யாருடைய ரவிக்கையையோ போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"நாஷ்டா துன்னுருப்பானா?" என்று கேட்டாள்.

"இப்பதான ஸ்நேகா போன்ல சொன்னா? பாதி இட்லி உள்ள போயிருக்குது. மீதியும் போவும். நீ தூங்கு."

கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். தலை மெல்லச் சாய்ந்து ஜெயராஜின் தோளில் வந்து விழுந்தது. அது வலிக்கிற தோள். அவர் அசையவில்லை. பொன்னேரியில் கூட்டம் ஏறியது. எதிரில் உட்கார்ந்த பெண் அவர் சட்டையைப் பார்த்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று தயங்கினாள். கிறிஸ்டினாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜெயராஜின் தோள் நனைந்துகொண்டிருந்தது.

"பரவால்லம்மா," என்றார் ஜெயராஜ் அந்தப் பெண்ணிடம், சத்தமில்லாமல். "தூங்கட்டும்."